அயோத்திதாச பண்டிதர் அறம் பயின்ற வழி

சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டங்களுக்குச் சென்ற நூற்றாண்டுகளில் பிழைப்பு நாடி ஏறிவந்தவர்களின் வழித்தோன்றல்கள் நம்முள் பலர். அக்காலத்தில் நீலமலையிலும் நம் மக்கள் உழைத்து வாழ்ந்தனர். அம்மலையில் பல்லாண்டு வாழ்ந்து, தமிழ் மண்ணில் பௌத்தத்தை மீண்டும் தளிர்க்கச் செய்த பெருமகனார் அயோத்திதாச பண்டிதர். நம் இளைஞர்களுள் பலர் பஞ்சசீலம் ஏற்கின்றனர். இல்லத்தில் புத்தர் படத்தை மாட்டுகின்றனர். அதனோடு கற்றல் முடிந்ததென்று கருதுகின்றனர். ஆதலின் பண்டிதர் எப்படிக் கற்றார் என்பதை இம்மலரில் கூற விழைகின்றோம்.

அவர் 1845ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். பாட்டனார் கந்தப்பன், ஆங்கிலேயர் ஒருவரிடம் பணிபுரிந்தவர். தம் இல்லத்திலிருந்த திருக்குறள் ஓலைச்சுவடியை எல்லிஸ் துரையிடம் சேர்ப்பித்தவர். தீண்டத்தகாதார் எனப்பட்டோர் இல்லத்தில் ஏடுகள் இருந்தன என்பதை நம் பிள்ளைகள் மறவாதிருத்தல் வேண்டும். காத்தவராயன் தமக்குத் தமிழும் சித்த மருத்துவமும் கற்பித்த ஆசானின் பெயரையே தம் பெயராக ஏற்றார். அன்று முதல் அவர் அயோத்திதாசர் ஆனார்.

தொடக்கத்தில் அவர் பௌத்தர் அல்லர். 1870இல் நீலமலையில் அத்வைதானந்த சபையை நிறுவினார். எல்லாம் ஒன்றே என்னும் அத்தத்துவம் சாதியை ஒழிக்கும் என்பது அவர் நம்பிக்கை. 1891இல் திராவிட மகாஜன சபையைத் தோற்றுவித்தார். மறு ஆண்டு சென்னையில் கூடிய பெருமக்கள் அவையில் நம் மக்களுக்குக் கோயில் நுழைவும் கல்வியும் தரிசு நிலமும் வேண்டுமென்று எழுந்து கேட்டார். கல்வியையும் நிலத்தையும் பற்றிய கோரிக்கைகளை ஏற்ற அவை, கோயிற்கதவைத் திறக்க இசையவில்லை. தத்துவத்தில் ஒன்றாயிருந்தவர்கள் வாயிலில் இரண்டாயினர். இந்த மறுப்பே அவரை வேறு வழி தேடத் தூண்டியது என்பது எம் கருத்து.

எனினும் அவர் மறுநாளே மதம் மாறிவிடவில்லை. ஆறாண்டுகள் கழிந்தன. மணிமேகலையையும் வீரசோழியத்தையும் நிகண்டுகளையும் புரட்டிப் பழந்தமிழரின் பௌத்தத்தைத் தேடினார். நம் சேலம் மாவட்டத்திலேயே, ஆத்தூரை அடுத்த தியாகனூரில் புத்தர் பெருமானின் பெருஞ்சிலைகள் இன்றும் அமர்ந்திருப்பதைக் கண்டோர்க்கு அவர் தேடியது வெறுங்கற்பனையன்று என்பது விளங்கும். 1898இல் கர்னல் ஆல்காட்டின் துணையோடு இலங்கைக்குச் சென்று, சுமங்கல மகாநாயகத் தேரரிடம் பஞ்சசீலம் பெற்றார். அவ்வாண்டே சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் பிறந்தது. அண்ணல் அம்பேத்கர் 1956இல் நாகபுரியில் தீட்சை ஏற்பதற்கு 58 ஆண்டுகள் முன்னர் நிகழ்ந்தது இது!

பஞ்சசீலம் பெற்றபோது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. கற்றது போதுமென்று அமரும் வயது அது. அவரோ அதன் பின்னரே பாலி நூற்பொருளை ஆழ்ந்து பயின்றார். புத்தர் பெருமான், புதிதாய் வந்தோர்க்கு முதலில் ஈகையையும் ஒழுக்கத்தையும் உரைத்து, உள்ளம் பக்குவப்பட்டதைக் கண்ட பின்னரே நான்கு வாய்மைகளை உபதேசித்தார் என்று பாலி நூல்கள் கூறும். ஒழுக்கமின்றி மன ஒருமை இல்லை. மன ஒருமையின்றி மெய்யறிவு இல்லை. பள்ளியில் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையிடம் இலக்கணம் கேட்பாருண்டோ? பண்டிதரும் இவ்வழியே மக்களை நடத்தினார். சங்கத்தில் கூட்டமும் சொற்பொழிவும் இடையறாது நடந்தன. திருமணமும் இறுதிச்சடங்கும் பௌத்த முறைக்கு மாறின.

கூட்டத்திற்கு வர இயலாதோர்க்கு ஏடு வேண்டுமன்றோ? 1907ஆம் ஆண்டு ஜூன் 19, புதன்கிழமையன்று 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழ் வெளிவந்தது. விலை பெயரிலேயே இருந்தது. ஓராண்டிற்குப் பின் அது 'தமிழன்' ஆயிற்று. புத்தர் பெருமானின் வாழ்வையும் அறத்தையும் அவ்விதழில் சிறுசிறு பகுதிகளாய் எழுதி வந்தார். 1912இல் அது 'ஆதிவேதம்' என்னும் நூலாயிற்று. படிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க, தெரியாதோர் சூழ்ந்திருந்து கேட்பதற்கு வாரத்திற்கு ஒரு பகுதி என்பது ஏற்ற அளவே.

அவர் கூறிய சொல்லாராய்ச்சிகள் அனைத்தையும் இன்றைய அறிஞர் ஏற்பதில்லை. ஏற்காதது குற்றமுமன்று, ஆராய்ந்து பாராமல் எதையும் ஏற்க வேண்டாமென்பது பௌத்தத்தின் முதற்பாடமே. ஆயினும் அவரைப் படியாமலே மறுப்போரும், படியாமலே போற்றுவோரும் பெருகிவிட்டனர் என்பதே எம் வருத்தம்.

1914ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் பண்டிதர் மறைந்தார். அதற்குள் கோலார் தங்கவயலின் மாரிக்குப்பத்திலும், பெங்களூரிலும், திருப்பத்தூரிலும், கடல் கடந்து இரங்கூனிலும் சங்கக் கிளைகள் தழைத்திருந்தன. தங்கவயலில் சுரங்கத்தில் உழைத்த தொழிலாளர் நடுவே அவர் எழுத்துகள் தொடர்ந்து படிக்கப்பட்டன. பின்னாளில் அப்பாதுரையார் 'தமிழன்' இதழை அங்கிருந்து மீண்டும் நடத்தினார். சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களை மலிவுப் பதிப்புகளாய் அச்சிட்டு வழங்கிற்று.