ஸ்டீவ் ஃபேர்பெயர்ன்

ஸ்டீவ் ஃபேர்பெயர்ன் (ஆகஸ்ட் 25, 1862 – மே 16, 1938) ஆஸ்திரேலியாவில் பிறந்து இங்கிலாந்தில் புகழ்பெற்ற துடுப்புப் படகோட்ட வீரரும் பயிற்றுனரும் ஆவார். இலண்டன் தேம்ஸ் ஆற்றில் ஆண்டுதோறும் நடைபெறும் ஹெட் ஆஃப் தி ரிவர் என்னும் நீள்தூரப் படகுப் போட்டியை 1926ஆம் ஆண்டில் தொடங்கியவர் இவரே. துடுப்பு வலிக்கும் முறையில் இவர் கொண்டுவந்த மாற்றங்கள் இவர் பெயராலேயே ஃபேர்பெயர்ன் முறை என அழைக்கப்பட்டன. அம்முறையை ஏற்றோரும் எதிர்த்தோரும் பல ஆண்டுகள் கடுமையாக வாதிட்டனர்.

இளமைக் காலம்

ஃபேர்பெயர்ன் மெல்பேர்ண் நகரில் பிறந்தார். தந்தை ஜார்ஜ் ஃபேர்பெயர்ன் ஸ்காட்லாந்திலிருந்து குடியேறி, ஆட்டுப் பண்ணைகளால் பெருஞ்செல்வம் ஈட்டியவர். தந்தையின் பெயரையே தாங்கிய அண்ணன் பின்னாளில் ஆஸ்திரேலிய அரசியலில் ஈடுபட்டு சர் பட்டம் பெற்றார். ஸ்டீவ் மெல்பேர்ணின் வெஸ்லி கல்லூரியிலும் ஜீலாங் கிராமர் பள்ளியிலும் பயின்றார். 1881இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஜீசஸ் கல்லூரியில் சட்டம் படிக்கச் சேர்ந்தார். படித்தது சட்டமாயினும் வாழ்நாளின் பெரும்பகுதியை அவர் ஆற்றங்கரையிலேயே கழித்தார்.

கேம்பிரிட்ஜில்

அக்காலத்தில் ஜீசஸ் கல்லூரியின் படகுக் குழு கேம்பிரிட்ஜில் அசைக்க முடியாத நிலையில் இருந்தது. 1875 முதல் 1885 வரை தொடர்ந்து பதினோர் ஆண்டுகள் அக்கல்லூரி ஆற்றின் தலைமை என்ற நிலையைத் தக்க வைத்தது. இச்சொற்றொடரைச் சற்று விளக்குதல் நலம். கேம் ஆறு மிகவும் குறுகியது. இரு படகுகள் அருகருகே செல்வது கடினம். எனவே படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக, ஏறத்தாழ ஒன்றரைப் படகு நீள இடைவெளியில் நிறுத்தப்பட்டு ஒரே நேரத்தில் புறப்படும். முன்னால் செல்லும் படகை எட்டி இடித்துவிட்டால் மறுநாள் அதன் இடத்தைப் பெறலாம். இவ்வரிசையின் முதலிடமே ஆற்றின் தலைமை ஆகும். பின்னர் ஃபேர்பெயர்ன் தொடங்கிய போட்டியின் பெயர் இவ்வழக்கிலிருந்தே வந்தது.

ஆக்ஸ்ஃபோர்டுக்கு எதிரான புகழ்பெற்ற பல்கலைக்கழகப் படகுப் போட்டியில் 1882, 1883, 1886, 1887 ஆகிய நான்கு ஆண்டுகளில் ஃபேர்பெயர்ன் கேம்பிரிட்ஜ் குழுவில் துடுப்பு வலித்தார். முதல் இரண்டிலும் ஆக்ஸ்ஃபோர்டு வென்றது. பின்னிரண்டில் கேம்பிரிட்ஜ் வென்றது. 1887ஆம் ஆண்டுப் போட்டியில் ஆக்ஸ்ஃபோர்டு வீரர் ஒருவரின் துடுப்பு முறிந்தது இன்றும் பேசப்படும் நிகழ்வாகும்.

பின்னர் தாயகம் திரும்பி குடும்பத்தின் பண்ணைகளைக் கவனித்த ஃபேர்பெயர்ன், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீண்டும் இங்கிலாந்தில் குடியேறி ஜீசஸ் கல்லூரிக் குழுக்களுக்குப் பயிற்சி அளிக்கத் தொடங்கினார்.

துடுப்பு வலிக்கும் முறை

அன்றைய இங்கிலாந்தில் மரபு முறை எனப்பட்ட பாணியே கோலோச்சியது. முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும், உடல் குறிப்பிட்ட கோணத்தில் சாய்ந்து எழ வேண்டும், எட்டுப் பேரும் ஒரே அச்சில் வார்த்தது போல் அசைய வேண்டும் என்பன அதன் விதிகள். இவை இருக்கை நகராத காலத்துப் படகுகளுக்குப் பொருந்தியவை. 1873 முதல் பல்கலைக்கழகப் போட்டியில் நகரும் இருக்கைகள் பயன்பாட்டுக்கு வந்துவிட்டன. அதன்பின் படகைச் செலுத்தும் விசையின் பெரும்பகுதி கால்களிலிருந்து பெறப்பட வேண்டியதாயிற்று. கருவி மாறியும் விதிகள் மாறவில்லை என்பதே சிக்கல்.

ஃபேர்பெயர்ன் இதனைத் தலைகீழாக அணுகினார். படகை நகர்த்துவது உடலின் தோற்றமன்று, நீருக்குள் இருக்கும் துடுப்பின் அலகே. எனவே வீரரின் கவனம் அலகின் மீது இருக்கட்டும், உடல் தனக்கேற்ற நிலையைத் தானே கண்டுகொள்ளும் என்பது அவர் கொள்கை. கால்களால் வலுவாக உந்துதல், நீண்ட சறுக்குத் தடம், தோள்களில் இறுக்கமின்மை ஆகியவற்றை வலியுறுத்தினார். துடுப்பு சரியாக நீரைப் பற்றும்போது எழும் மணியோசை போன்ற ஒலியைக் கேட்கப் பழகுமாறு வீரர்களுக்குக் கற்பித்தார்.

மரபுவாதிகளுக்கு இது ஒழுங்கீனமாகத் தோன்றியது. ஃபேர்பெயர்னின் குழுக்கள் பார்வைக்கு அழகற்றவை என்பது அவர்களின் முதன்மைக் குறை. அது முற்றிலும் பொய்யன்று. முறையை அரைகுறையாகப் புரிந்துகொண்டு சோம்பலாக வலித்த குழுக்களும் இருந்தன. எனினும் போட்டி முடிவுகள் அவர் பக்கமே நின்றன. அவர் பயிற்சி அளித்த தேம்ஸ் படகுக் கழகம் ஹென்லி போட்டிகளின் தலையாய பரிசான கிராண்ட் சேலஞ்ச் கோப்பையை 1923இல் வென்றது. 1920களின் நடுப்பகுதியில் அவர் அண்டையிலுள்ள இலண்டன் படகுக் கழகத்திற்கு மாறினார். அக்கழகம் 1930, 1931, 1933 ஆகிய ஆண்டுகளில் அதே கோப்பையைக் கைப்பற்றியது.

தேம்ஸ் நீள்தூரப் போட்டி

குளிர்காலத்தில் நெடுந்தொலைவு துடுப்பு வலித்தால்தான் கோடையில் வெல்ல முடியும் என்பதில் ஃபேர்பெயர்ன் உறுதியாக இருந்தார். ஆனால் குளிரில் இலக்கின்றி வலிப்பது சலிப்பூட்டும். அச்சலிப்பைப் போக்க அவர் கண்ட வழியே இப்போட்டி. வெல்வதைவிட, அதற்காகக் குழுக்கள் மேற்கொள்ளும் பயிற்சியையே அவர் பெரிதாகக் கருதினார்.

முதற்போட்டி 1926 டிசம்பர் 12 அன்று நடைபெற்றது. 21 படகுகள் கலந்துகொண்டன. இலண்டன் படகுக் கழகம் முதலிடம் பெற்றது. அன்று ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறன்று பந்தயம் நடத்துவதற்கு எதிர்ப்பு எழுந்ததால் பின்னர் போட்டி சனிக்கிழமைக்கு மாற்றப்பட்டு மார்ச் மாதத்தில் நடத்தப்படலாயிற்று.

போட்டியின் அமைப்பு எளிமையானது. பல்கலைக்கழகப் போட்டியின் தடத்திலேயே, ஆனால் எதிர்த்திசையில், மோர்ட்லேக்கிலிருந்து பட்னி வரை ஏறத்தாழ 6.8 கிலோமீட்டர் தொலைவு வடியும் நீரோட்டத்துடன் செல்ல வேண்டும். எட்டுத் துடுப்பாளர்களும் சுக்கான் பிடிப்பவர் ஒருவரும் கொண்ட படகுகள் சில நொடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்படுகின்றன. குறைந்த நேரத்தில் கடப்பவரே வென்றவர். முதலில் கோட்டைத் தொடுபவர் அல்லர். சென்ற ஆண்டின் தரவரிசையே அடுத்த ஆண்டின் புறப்பாட்டு வரிசை. நேருக்கு நேர் மோதும் போட்டியில் ஒரு நாளில் சில படகுகளையே ஓட்ட முடியும். இம்முறையிலோ ஒரே வடிநீரில் நூற்றுக்கணக்கான படகுகள் பங்கேற்கலாம். பிற்காலத்தில் நானூறு படகுகள் வரை கலந்துகொண்டது இதனாலேயே சாத்தியமாயிற்று. கோவிட் பெருந்தொற்றினால் 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் போட்டி நடைபெறவில்லை.

இவ்வமைப்பு பிற நாடுகளுக்கும் பரவியது. அமெரிக்காவின் பாஸ்டனில் 1965இல் தொடங்கிய சார்ல்ஸ் ஆற்றுப் போட்டி இதே வகையைச் சேர்ந்தது. ஃபேர்பெயர்ன் பிறந்த மெல்பேர்ணில் யாரா ஆற்றிலும் இத்தகைய போட்டி நடத்தப்படுகிறது.

மூத்தோர் போட்டி

ஃபேர்பெயர்ன் எண்ணிப் பார்த்திராத ஒரு பயனும் இதனால் விளைந்தது. பட்னியில் 1870இல் நிறுவப்பட்ட வெஸ்டா படகுக் கழகம், மூத்த வீரர்களுக்கென இதே தடத்தில் தனிப் போட்டியை நடத்துகிறது. 27 வயது நிறைந்தோர் மூத்தோர் பிரிவில் சேரலாம். அதன் பின் குழுவின் சராசரி வயது 36, 43, 50, 55, 60 என ஏறுவதற்கேற்ப உட்பிரிவுகள் உள்ளன. சராசரியைக் கணக்கிடும்போது சுக்கான் பிடிப்பவரின் வயது சேர்க்கப்படுவதில்லை. அறுபது வயதைக் கடந்த குழு முப்பது வயதுக் குழுவுடன் தோளோடு தோள் நின்று போட்டியிடுவது பொருளற்றது. கடிகாரத்துடன் போட்டியிடும்போது இரண்டும் ஒரே நாளில் ஒரே ஆற்றில் செல்லலாம். தொடக்கத்தில் விரைந்துவிட்டுப் பின்னர் களைப்பதைவிட, இருபது நிமிடம் சீராக வலிப்பதே இங்குக் கைகொடுக்கும். ஆண்டுக்கணக்கில் ஒன்றாக வலித்த மூத்தோர் குழுக்களுக்கு இது சாதகமாகும்.

இறுதிக் காலமும் நினைவுச் சின்னங்களும்

1931இல் ஃபேர்பெயர்ன் தன்வரலாற்றை வெளியிட்டார். 1938 மே 16 அன்று இலண்டனில் காலமானார். அவரது அஸ்தி ஜீசஸ் கல்லூரி வளாகத்தில் புதைக்கப்பட்டது. மகன் இயான் ஃபேர்பெயர்ன் 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரித்தானிய எண்மர் படகில் துடுப்பு வலித்தவர்; பின்னர் நிதித்துறையில் சிறந்து, குண்டுவீச்சில் இறந்த தம் மனைவி எஸ்மேயின் நினைவாக 1961இல் ஓர் அறக்கட்டளையை நிறுவினார்.

தேம்ஸ் போட்டியில் வெல்வோருக்கு ஃபேர்பெயர்னின் வெண்கல மார்பளவுச் சிலையே பரிசுச் சின்னமாக வழங்கப்படுகிறது. அதனை வடித்த ஜார்ஜ் டிரிங்க்வாட்டர் ஆக்ஸ்ஃபோர்டு அணிக்காகத் துடுப்பு வலித்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. கேம்பிரிட்ஜிலும் கல்லூரிக் குழுக்களுக்கான நீள்தூரப் போட்டி ஒன்று ஃபேர்பெயர்ன் கோப்பை என்ற பெயரில் நடைபெறுகிறது. பட்னியிலிருந்து சரியாக ஒரு மைல் தொலைவில், தேம்ஸின் தென்கரையில், 1963இல் அவருக்கு நினைவுத்தூண் எழுப்பப்பட்டது. படகோட்டிகள் இதனை மைல் கல் என்றே அழைக்கின்றனர். பல்கலைக்கழகப் போட்டியில் முதல் மைலுக்கான நேரம் இத்தூணைக் கொண்டே குறிக்கப்படுகிறது.