இரவைச் செப்புத் தகட்டில் பிடித்தவர்!

லண்டன் கோர்ட்டில் 1878-ம் ஆண்டு நவம்பர் மாதம் ஒரு விசித்திர வழக்கு நடந்தது. ஓர் ஓவியர், ஓர் எழுத்தாளர் மீது போட்ட மானநஷ்ட வழக்கு அது.

ஓவியரின் பெயர் ஜேம்ஸ் விஸ்லர். அமெரிக்காவில் 1834-ல் பிறந்து, லண்டனில் குடியேறியவர். பிரதிவாதி ஜான் ரஸ்கின். ஒரு படத்தை ரஸ்கின் மெச்சினால் அதற்கு மவுசு. பழித்தால் வாங்க ஆள் இராது. அவ்வளவு செல்வாக்கு!

தகராறுக்குக் காரணம் ஓர் இரவுக் காட்சி. வாணம் வெடித்து, பொறிபொறியாக இருட்டில் உதிர்வதை விஸ்லர் தீட்டியிருந்தார். விலை 200 கினி. அதை ரஸ்கின் கன்னாபின்னாவென்று தாக்கி எழுதிவிட்டார்.

விஸ்லர் கேட்ட நஷ்ட ஈடு 1,000 பவுன். ஜூரிகள் அவர் பக்கமே தீர்ப்புச் சொன்னார்கள். ஆனால் கொடுக்கச் சொன்ன தொகை ஒரு பார்திங்! அதாவது, கால் பென்னி! அவர் பக்கத்துக் கோர்ட்டுச் செலவும் அவர் தலையிலேயே விழுந்தது.

ஏற்கெனவே கடன் கழுத்தை நெரித்தது. 1879 மே மாதம் விஸ்லர் மஞ்சள் கடுதாசி கொடுத்தார். ஆசை ஆசையாகக் கட்டிய வீடும் ஏலம் போயிற்று. வயதோ 45.

மூன்று மாதக் கெடு

அப்போது லண்டன் சித்திர வியாபாரக் கம்பெனி ஒன்று கை கொடுத்தது. இத்தாலியிலுள்ள வெனிஸ் நகருக்குப் போய், 12 செப்புத் தகடுகளில் படம் வரைந்து வர வேண்டும். மூன்று மாதம் கெடு. செலவுக்கு முன்பணம் உண்டு.

அந்த வேலை அவருக்குப் புதிதல்ல. வாலிபத்தில், அமெரிக்கக் கடற்கரை அளவை இலாகாவில் தகட்டில் வரைபடம் தயாரிக்கக் கற்றவர்தான். அங்கே வரைபடத்தின் ஓரத்தில் மனிதத் தலைகளைக் கிறுக்கி வைத்தார். உத்தியோகம் நிலைக்காததில் ஆச்சரியமில்லை!

செப்டம்பரில் வெனிஸ் சேர்ந்தார். தெருவுக்குப் பதில் தண்ணீர் ஓடும் ஊர் அது. அந்த ஆண்டு கடுங்குளிர். விரல் விறைக்கும் குளிரில் படகில் உட்கார்ந்து வரைந்தார். பேர்போன மாளிகைகளை மட்டும் அவர் தேடவில்லை. சந்துக் கால்வாய்கள், இடிந்த வாசல்கள், மணி கோக்கும் பெண்கள், பிச்சைக்காரர்கள் எல்லாம் அவர் தகட்டில் ஏறினார்கள். பொழுது சாய்ந்தால் இரவும் ஏறியது.

இருட்டில் எப்படி வரைவது? லண்டனிலேயே அதற்கு ஒரு பயிற்சி செய்திருந்தார். தேம்ஸ் நதிக் கரையில் காட்சியை உற்றுப் பார்ப்பார். பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு, கண்டதை எல்லாம் கூட இருப்பவரிடம் ஒப்பிப்பார். தவறினால் மறுபடி பார்ப்பார். மனப்பாடமான பிறகே வீடு திரும்புவார்.

கோடில்லாத இருட்டு

செப்புத் தகட்டில் மெழுகுப் பூச்சுப் பூசி, ஊசியால் கீறுவார்கள். தகட்டைத் திராவகத்தில் போட்டால் கீறிய இடத்தை அது அரிக்கும். அந்தப் பள்ளத்தில் மையைத் தேய்த்து, மேலே உள்ளதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, ஈரத் தாளை வைத்து அழுத்தினால் படம் விழும்.

விஸ்லர் சுத்தமாகத் துடைக்கவில்லை! தகட்டின் மேல் மெல்லிய மைப் படலத்தை விட்டு வைத்தார். அந்தப் படலமே இரவாயிற்று. விளக்கொளி வேண்டிய இடத்தில் மட்டும் நன்றாகத் துடைத்தார். ஒரே தகட்டில் ஒரு தாள் அந்தி மயக்கம், மறு தாள் நள்ளிரவு!

கண்டதைக் கண்டபடியே தகட்டில் வரைந்ததால் அச்சில் இடம் வலம் மாறிற்று. வெனிஸ்வாசிகள் பார்த்தால் குழம்புவார்கள். அவர் அதைச் சட்டை செய்யவில்லை.

மூன்று மாதம் பதினான்கு மாதமாயிற்று. கம்பெனிக்காரர்கள் தவித்துப் போனார்கள். 1880 நவம்பரில் அவர் திரும்பியபோது கையில் சுமார் 50 தகடுகள்! வண்ணச் சுண்ணக்கட்டியால் வரைந்த படங்களும் 100 அளவில் இருந்தன.

டிசம்பரில் 12 படங்கள் கண்காட்சிக்கு வந்தன. பத்திரிகைகள் பல குறை கூறின. படம் முடியவில்லை என்றன. விஸ்லர் பொறுத்திருந்தார். 1883-ல் வெனிஸ் படங்களைப் பெரும்பாலும் வைத்து மறு கண்காட்சி நடத்தினார். வசை பாடியவர்களின் வசவுகளையே பொறுக்கி, படப் பட்டியலில் ஒவ்வொரு படத்துக்கும் கீழே அச்சடித்துவிட்டார்! லண்டன் சிரித்தது, கூட்டமும் வந்தது.

முதல் 12 படங்களில் 100 செட் அச்சிட்டுத் தருவதாக ஒப்பந்தம். மை துடைப்பதை வேறொருவரிடம் விட மனமில்லாமல் தாமே ஒவ்வொன்றாக அச்சிட்டார். அவர் 1903-ல் காலமானபோதும் அந்த 100 செட் முடியவில்லை. மீதியை அச்சிட்டு முடித்தவர் வேறொருவர்.