கணக்குகள் சொன்ன உண்மை

ஆலிஸ் ஸ்டூவர்ட் 1906ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் பிறந்தார். பெற்றோரைப் போலவே அவரும் மருத்துவரானார்.

1950களில் பிள்ளைகள் பலர் இரத்தப் புற்றுநோயால் இறந்தனர். காரணமறிய, ஆலிஸ் தாய்மார்களிடமே விவரம் திரட்டினார். கருவுற்றிருந்தபோது எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவர்களின் பிள்ளைகளுக்குப் புற்றுநோய் அபாயம் ஏறத்தாழ இரு மடங்கு எனக் கண்டறிந்தார். பலர் அதை ஏற்க மறுத்தனர். எனினும், காலப்போக்கில் அவ்வழக்கம் குறைந்தது.

பணி ஓய்வுக்குப் பின், அமெரிக்காவின் ஹான்ஃபோர்டு அணு ஆயுத ஆலைத் தொழிலாளர்களின் பதிவேடுகளை ஆராய மருத்துவர் தாமஸ் மன்குசோ அவரை அழைத்தார். தொழிலாளர்கள் சட்டையில் அணிந்த சிறு வில்லைகள், அவர்கள் மீது பட்ட கதிர்வீச்சின் அளவைக் காட்டின. அந்த அளவுகளை ஆய்வுக் குழுவினர் இறப்புக் காரணங்களோடு ஒப்பிட்டனர். பாதுகாப்பானது எனக் கருதப்பட்ட குறைந்த அளவும் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று 1977இல் அறிவித்தனர்.

அறிவியலாளர் சிலர் அம்முடிவை எதிர்த்தனர். அரசு மன்குசோவின் ஆராய்ச்சி ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. ஆலிஸ் மனம் தளரவில்லை. விடாமல் போராடினார். 1990களில் பதிவேடுகள் மீண்டும் ஆய்வாளர்களின் கைக்கு வந்தன.

2000ஆம் ஆண்டில், நோயுற்ற அணு ஆயுதத் தொழிலாளர்களுக்கு இழப்பீடு வழங்கும் சட்டம் அமெரிக்காவில் நிறைவேறியது. அப்போது ஆலிஸுக்கு வயது 94. ஈராண்டுகளுக்குப் பின் அவர் மறைந்தார். எண்களுக்குப் பின்னால் இருந்த மனிதர்களை அவர் ஒருபோதும் மறக்கவில்லை.