சுருதி பிசகினாலும் சொக்க வைத்த நடிகை!

1951-ம் ஆண்டு அமெரிக்காவில் ஓர் இசைத்தட்டு வெளிவந்தது. "ராஜாவும் நானும்" என்ற பாட்டு நாடகத்தில் நடித்தவர்களே அதில் பாடியிருந்தார்கள்.

கதாநாயகியின் குரல் சில இடங்களில் சுருதியை விட்டுக் கீழே இறங்கும். சங்கீதம் தெரிந்தவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். அவர்தான் ஜெர்ட்ரூட் லாரன்ஸ்!

பத்து வயதில் மேடை

1898 ஜூலை 4-ந் தேதி லண்டனில் பிறந்தார். தந்தை மேடைப் பாடகர்; பெருங்குடிகாரர். ஜெர்ட்ரூட் குழந்தையாக இருந்தபோதே பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். பத்து வயதில் மேடை ஏறினார். 1924-ல் நியூயார்க் போனார். அங்கும் பேர் வாங்கினார்.

1926-ல் ஒரு நாடகம். மேடையில் தன்னந்தனியாக உட்கார்ந்து, கையில் இருந்த துணிப் பொம்மையைப் பார்த்துப் பாடினார். கொட்டகையே உருகிவிட்டது.

தயங்கிய இசை அமைப்பாளர்

சயாம் நாட்டு (இன்றைய தாய்லாந்து) அரண்மனையில் அன்னா என்ற பெண்மணி ஆசிரியையாக இருந்த கதை, 1944-ல் புத்தகமாக வந்தது. அதை நாடகமாக்கி, தானே அன்னாவாக நடிக்க லாரன்ஸ் ஆசைப்பட்டார். ரோட்ஜர்ஸ், ஹாமர்ஸ்டைன் இருவரிடமும் அந்த வேலை போயிற்று.

இசை அமைப்பாளர் ரோட்ஜர்ஸ் தயங்கினார். லாரன்சுக்கு மேல் ஸ்தாயி எட்டாது. சுருதியும் நிற்காது. ஆகவே, சின்ன வட்டத்துக்குள் அடங்கும் மெட்டுகளை அவருக்குப் போட்டார். உச்சத்தில் பாட வேண்டியவற்றை டொரெட்டா மாரோ போன்றவர்களுக்குக் கொடுத்தார்.

யாருக்குப் பரிசு?

மாரோவின் குரல் வெண்கல மணி. பாட்டுப் போட்டி என்றால் பரிசு அவருக்கே.

ஆனால், கணவனை இழந்த அன்னா இளம் காதலர்களை வாழ்த்திப் பாடும் பாட்டு இருக்கிறதே! லாரன்ஸ் பாதி பாடுகிறார்; பாதி பேசுகிறார். அழவில்லை. கேட்கிறவர்களுக்குத்தான் தொண்டை அடைக்கிறது.

1956-ல் இது படமாக வந்தது. டெபோரா கெர் நடித்தார். மார்னி நிக்சன் பின்னணி பாடினார். சுருதி சுத்தம். இருந்தாலும் எனக்கு லாரன்சின் தட்டுதான் வேண்டும்.

கடைசி ஆசை

1952-ல் அவருக்குச் சிறந்த நடிகைக்கான டோனி பரிசு கிடைத்தது. அந்த ஆகஸ்டிலேயே படுக்கையில் விழுந்தார். மஞ்சள் காமாலை என்று நினைத்தார்கள். ஈரலில் புற்றுநோய் என்பது இறந்த பிறகே தெரிந்தது.

ராஜாவாக நடித்த யுல் பிரின்னர் அப்போது வளரும் நடிகர். அவர் பெயரையும் பெரிய எழுத்தில் போட வேண்டும் என்று லாரன்ஸ் படுக்கையில் கிடந்தபடி கேட்டுக்கொண்டார். அப்படியே செய்தார்கள்.

செப்டம்பர் 6-ந் தேதி உயிர் பிரிந்தது. வயது 54. ராஜாவுடன் நடனம் ஆடும் காட்சியில் அணிந்த அதே உடையுடன் அவரை அடக்கம் செய்தார்கள்.