வெள்ளியைப் புதைத்த டூரிங்கும் பூட் ஆகாத லேப்டாப்பும்

ஆலன் டூரிங்னு சொன்னா நமக்கு முதல்ல ஞாபகம் வர்றது தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன் பேப்பரும், அதுல டூரிங் மெஷின் டிசைன் பண்ணச் சொல்லி வர்ற 13 மார்க் கேள்வியும்தான். ஆனா உலகப் போரில் எதிரியோட ரகசியக் குறியீட்டை உடைக்க உதவின இந்த மனுஷன், தானே எழுதின குறியீட்டை உடைக்க முடியாம தன் சேமிப்பைத் தொலைச்சார்னு நிறைய பேருக்குத் தெரியாது. லேப்டாப்போட சிஸ்டம் டிரைவை என்கிரிப்ட் பண்ணலாம்னு நினைக்கிற ஒவ்வொருத்தரும் தெரிஞ்சுக்க வேண்டிய வாழ்க்கை இது.

டூரிங் பிறந்தது 1912 ஜூன் 23, லண்டனில். அப்பா மதராஸ் மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. அம்மா எத்தெல் சாரா பிறந்தது நம்ம கோவை போத்தனூரில். தாத்தா மதராஸ் ரயில்வேயில் சீஃப் இன்ஜினியர். அப்பா அம்மா இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய் வந்துகொண்டிருக்க, டூரிங்கும் அண்ணனும் இங்கிலாந்தில் வேறொரு குடும்பத்திடம் வளர்ந்தார்கள். 1926-ல் ஷெர்போர்ன் பள்ளியில் சேர வேண்டிய நாளில் நாடு முழுக்க ஸ்ட்ரைக். ரயில் இல்லை. பையன் சைக்கிளை எடுத்து கிட்டத்தட்ட 60 மைல் மிதித்து, நடுவில் ஒரு ராத்திரி விடுதியில் தங்கி, பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தான்.

அப்புறம் கேம்பிரிட்ஜ். 1936-ல், 24 வயசுல, நம்ம சிலபஸ்ல இருக்கிற அந்த மெஷினை ஒரு கட்டுரையில் கற்பனை செய்தார். பிறகு பிரின்ஸ்டனில் பிஎச்.டி. அங்கே படிக்கும்போதே ரகசியச் செய்திக்குப் பயன்படும்னு ரிலேக்களைத் தானே செய்து, ஒரு மின் பெருக்கல் கருவி கட்ட ஆரம்பித்தார்.

1939 செப்டம்பர் 4, போர் அறிவித்த மறுநாள், பிளெட்ச்லி பார்க்கில் வேலைக்கு வந்தார். எதிரில் இருந்தது எனிக்மா. எனிக்மாவோட பலம் மெஷினில் இல்லை, செட்டிங்கில். எந்தச் சக்கரம், எந்த வரிசை, எந்த ஆரம்ப எழுத்து, எந்த வயர் எங்கே... இரண்டு பக்கமும் எல்லாம் ஒன்றாக இருக்கணும். ஒரு வயர் மாறினாலும் செய்தியில் பிழை வரும். மெஷின் கையில் கிடைத்தாலும் அன்றைய செட்டிங் தெரியாமல் பிரயோஜனம் இல்லை.

போலந்து கணித நிபுணர்கள் ஏற்கனவே ஒரு வழி திறந்து கொடுத்திருந்தார்கள். டூரிங் அதிலிருந்து மேலே போனார். செய்தியில் கண்டிப்பா இருக்கும்னு ஊகிக்கக்கூடிய ஒரு வார்த்தை, உதாரணத்துக்கு வானிலை அறிக்கையில் வானிலை என்ற சொல், அதை வைத்துக்கொண்டு முரண்படுகிற செட்டிங்குகளை ஒவ்வொன்றாகக் கழித்துக் கட்டும் பாம் என்ற இயந்திரத்தை வடிவமைத்தார். முதல் இயந்திரம் 1940 மார்ச்சில் வந்தது. பிறகு கார்டன் வெல்ச்மன் சேர்த்த மாற்றம் அதை இன்னும் வேகமாக்கியது.

கொஞ்சம் நம்ம லேப்டாப்புக்கு வருவோம். வெராகிரிப்ட்ல நீங்க பாஸ்வேர்டு போட்டதும், அதை வைத்து டிரைவோட ஹெடரைப் பிரித்து, உள்ளே குறிப்பிட்ட நாலு எழுத்து வருதான்னு பார்க்கும். வந்தா பாஸ்வேர்டு சரி. இதுவும் தெரிந்த வார்த்தையைத் தேடுகிற வேலைதான். அதனாலதான் ஹெடர் கெட்டுப்போனா, சரியான பாஸ்வேர்டு போட்டாலும் தப்புன்னு சொல்லும். வெளியிலிருந்து பார்த்தா இரண்டும் ஒரே எரர்.

1942 பிப்ரவரியில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் நாலாவது சக்கரம் சேர்த்தன. அவ்வளவுதான், பத்து மாதம் அட்லாண்டிக் செய்திகள் இருட்டு. அக்டோபரில் பெட்டார்ட் கப்பலின் இரண்டு வீரர்கள், மூழ்கிக்கொண்டிருந்த யு-559க்குள் இறங்கி குறியீட்டுப் புத்தகங்களை வெளியே அனுப்பிவிட்டு அதோடு மூழ்கிப்போனார்கள். அந்தப் புத்தகங்கள் வந்த பிறகுதான் டிசம்பரில் வெளிச்சம். எவ்வளவு பெரிய மூளை இருந்தாலும் சில சமயம் தேவைப்படுவது வெளியே பத்திரமாக இருக்கும் ஒரு தாள்.

இப்போ வெள்ளிக் கதை. 1940-ல் ஜெர்மனி படையெடுத்தால் பேங்க் பணம் போய்விடும்னு டூரிங்குக்கு பயம். சுமார் 250 பவுண்டு மதிப்புள்ள இரண்டு வெள்ளிக் கட்டிகளை வாங்கி, பிளெட்ச்லி பக்கத்துக் காட்டுப்பகுதியில் புதைத்தார். இடத்தைக் குறியீடாக மாற்றி எழுதி வைத்தார். போர் முடிந்து தேடினால், தன் குறியீட்டைத் தானே பிரிக்க முடியவில்லை. அந்த இடமும் மாறிப்போயிருந்தது. நண்பர் டொனால்ட் மிச்சியோடு மெட்டல் டிடெக்டர் எடுத்துக்கொண்டு போயும் பார்த்தார். கிடைக்கவே இல்லை.

பிட்லாக்கர் திடீர்னு நீல ஸ்கிரீனில் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும்போது நடப்பது இதேதான். பயோஸ் அப்டேட், செக்யூர் பூட் மாற்றம், பூட் வரிசை மாற்றம் இதில் ஏதோ ஒண்ணு நடந்திருக்கும். உள்ளே இருக்கும் டிபிஎம் சிப்புக்கு இது பழைய இடம் மாதிரி தெரியலை. அதனால சாவியைத் தர மறுக்குது. கடைசியா என்ன மாத்தினோம்னு யோசித்து அதைத் திருப்பி வைத்தால் பல நேரம் சரியாகிவிடும். இல்லைன்னா அந்தக் கீ வேணும்.

பாஸ்வேர்டு ஏற்கலையா? முதல்ல கேப்ஸ் லாக், அடுத்து கீபோர்டு லேஅவுட் பாருங்க. பூட்டுக்கு முன்னாடி அது அமெரிக்க லேஅவுட்டில்தான் இருக்கும், சிம்பல்கள் இடம் மாறும். பாஸ்வேர்டு கேட்கவே இல்லையா? பூட் வரிசையில் விண்டோஸ் முந்திக்கொண்டிருக்கும், அல்லது லோடர் போயிருக்கும். ரெஸ்க்யூ டிஸ்க் லோடரையும் ஹெடரையும் திரும்ப வைக்கும். பாஸ்வேர்டு ஏற்றும் விண்டோஸ் வரலைன்னா, கோளாறு விண்டோஸில். டிரைவை வேறொரு மெஷினில் மாட்டி, பாஸ்வேர்டு போட்டுத் திறந்து, முதல்ல ஃபைல்களைக் காப்பி பண்ணுங்க. எந்த நிலையிலும் பதட்டத்தில் ஃபார்மேட் மட்டும் கூடாது.

போருக்குப் பின் டூரிங் ஏஸ் கம்ப்யூட்டரை வடிவமைத்தார், 1948-ல் மான்செஸ்டர் போனார், அங்கிருந்த கம்ப்யூட்டருக்கு புரோகிராமர் கையேடு எழுதினார். பெரிய புரோகிராம் சரியா இருக்கான்னு எப்படிச் சோதிப்பது என்று 1949-லேயே கட்டுரை கொடுத்தார். 1952-ல் ஓரினச்சேர்க்கைக்காக தண்டிக்கப்பட்டார். சிறைக்குப் பதில் ஹார்மோன் ஊசி. ரகசிய வேலைக்கான அனுமதியும் போனது. 1954 ஜூன் 7, சயனைடு விஷத்தால் இறந்தார். விசாரணையில் தற்கொலை என்று முடிவானது. வயசு 41. பிளெட்ச்லியில் அவர் செய்தது வெளியுலகுக்குத் தெரிய 1970கள் ஆனது. அரச மன்னிப்பு வந்தது 2013-ல்.

அவரளவு குறியீடு தெரிந்தவர் அன்று உலகத்திலேயே சிலர்தான். அவருக்கே வெள்ளி திரும்பக் கிடைக்கலை. நம்ம ஃபைனல் இயர் புராஜெக்ட் இருக்கிற டிரைவுக்கு ரெக்கவரி கீயை அதே லேப்டாப்பில் சேவ் பண்ணாதீங்க. ஒரு பேப்பரில் எழுதி வீட்டில் அம்மாகிட்ட கொடுங்க. ரெஸ்க்யூ பென் டிரைவில் ஒரு தடவை பூட் பண்ணிப் பார்த்துட்டு, அப்புறம் என்கிரிப்ட் பட்டனை அழுத்துங்க.