மலைநாட்டை அடியால் அளந்த உபாத்தியாயர்

நாம் வகுப்பறையில் விரித்து நோக்கும் தேசப்படங்களில், ஒவ்வொரு கோட்டின் பின்னும் எவரோ ஒருவருடைய உழைப்பு மறைந்து கிடக்கின்றது. திபெத்து நாட்டின் படங்களில் அவ்வாறு மறைந்து கிடப்பது, நைன் சிங் என்னும் கிராமத்து உபாத்தியாயரின் காலடியாகும்.

குமாவோன் மலைப்பகுதியிலுள்ள மிலாம் என்னும் சிற்றூரில் 1830-ஆம் ஆண்டு இவர் பிறந்தார். அவ்வூரார் உயர்ந்த கணவாய்களைக் கடந்து திபெத்தியரோடு வாணிகஞ் செய்து வந்தனர். ஆதலின் அந்நாட்டு மொழியும் வழக்கங்களும் இவருக்கு நன்கு பழகியிருந்தன. பின்னர்த் தம்மூர்ப் பள்ளியில் ஆசிரியராய் அமர்ந்தார்.

1802-ஆம் ஆண்டு சென்னையை அடுத்த பரங்கிமலையருகே தொடங்கிய பெரு நிலவளவை, வடக்கே நெடுந்தூரஞ் சென்று இமயத்தின்கண் தடைப்பட்டது. கடற்கரையின்றி மலைகளாற் சூழப்பட்ட திபெத்து, ஐரோப்பியர்க்குத் தன் வாயில்களை அடைத்திருந்தது. எனவே, மான்ட்கொமரி என்னும் அளவையதிகாரி, மலைநாட்டாரையே பயிற்றி அனுப்பக் கருதினார். 1863-ஆம் ஆண்டு நைன் சிங்கும் அவர் உறவினர் மணி சிங்கும் டேராடூனில் பயிற்சி பெறத் தொடங்கினர்.

ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஒரே அளவாய் அடிவைத்து நடக்க நைன் சிங் பழகினார். ஏறத்தாழ 2,000 அடிவைப்பு ஒரு மைலாகும். வழக்கமான 108 மணிகட்கு மாறாக 100 மணிகள் கோத்த செபமாலையை ஏந்தி, நூறு அடிவைப்புக்கு ஒரு மணி தள்ளினார். செபச் சக்கரத்தினுள் மந்திரச் சுருளுக்குப் பதிலாகக் குறிப்புத் தாள்கள் இருந்தன. நீர் கொதிக்கும் வெப்பத்தைக் கொண்டு இடங்களின் உயரத்தைக் கணித்தார். இரவில் விண்மீன்களை நோக்கி அட்சரேகையை அறிந்தார்.

1865-ஆம் ஆண்டு நேபாளத்தின் வழியே திபெத்தினுட் புகுந்து, 1866 ஜனவரியில் லாசா நகரை அடைந்தார். கைப்பொருள் குறைந்தபோது வணிகர்க்குக் கணக்குக் கற்பித்துப் பிழைத்தார். உண்மை வெளிப்படின் உயிர்க்கு உறுதியில்லை. எனினும் சுமார் 1,200 மைல் வழியை அடியெண்ணி அளந்து மீண்டார். 1874-ஆம் ஆண்டு லடாக்கிலுள்ள லே நகரினின்று புறப்பட்டு, லாசா வழியாக 1875-இல் அஸ்ஸாமை அடைந்தார். 1877-இல் இலண்டன் அரச பூகோள சங்கம் இவர்க்குப் பொற்பதக்கம் அளித்தது.

இவர் மேற்கொண்ட வேடம் நம்மைச் சிந்திக்கச் செய்கின்றது. யாத்திரிகரென நம்பி இடமளித்தோரை இவர் ஏமாற்றினார் என்பதை மறைத்தல் இயலாது. அளந்தவர் ஓர் ஆசிரியர். அளப்பித்ததோ ஓர் அரசு. 1904-ஆம் ஆண்டு ஆங்கிலப் படை லாசாவினுட் புகுந்ததை எண்ணுங்கால், அறிவு எவர் கைக்கு எதற்காகச் செல்கின்றது என்னும் வினா நம் உள்ளத்தில் எழாமற் போகாது.

ஆயினும், இவரது நேர்மைக்கு வேறொரு சான்று உண்டு. பனிக்காற்று வீசும் பாழ்வெளியில் பத்தடி பிழைபட எண்ணியிருப்பினும் கண்டுரைப்பார் எவருமிலர். மேற்பார்ப்போர் இல்லாவிடத்தும் மணியைத் தப்பாது தள்ளிய அவ்விரலே இவரது பெருமை. தேர்வுக்கென்றே பூகோளம் பயிலும் நாம், இனித் தேசப்படத்தை விரிக்கும்போது அவ்விரலை நினைவோமாக.