டாக்டர் அம்பேத்கரும் அடிப்படை உரிமைகளும்

விஞ்ஞானம் பயில்பவனுக்கு அரசியல் சட்டத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். விதியைச் சோதனையில் வைத்துப் பார் என்பது எங்கள் துறையின் முதற் பாடம். சட்டத்தையும் அவ்வாறே சோதித்தவர் டாக்டர் அம்பேத்கர்.

1891 ஏப்ரல் 14-இல் மௌ நகரில் மகர் குலத்தில் பிறந்தார். பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்று, 1913-இல் நியூயார்க் சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றார். அக்கல்விச்சாலையின் பழைய மாணவர்களுள் ஒருவர் அலெக்சாண்டர் ஹாமில்டன். 1787-இல் அமெரிக்கர் அரசியல் சட்டம் வகுத்தபோது உரிமைப் பட்டியல் வேண்டாம் என்றவர் அவர். கொடுக்காத அதிகாரத்துக்குத் தடை எதற்கு என்பது அவர் கட்சி. அது நிலைக்கவில்லை. மாடிசனின் முயற்சியால் 1791-இல் பத்துத் திருத்தங்கள் சேர்ந்தன. ஆயினும் அவை அரசின் கையைக் கட்டினவேயன்றி, அடிமையின் விலங்கைத் தொடவில்லை.

நம் நாட்டிலோ சமூகத்தின் கையையும் கட்ட வேண்டியிருந்தது. மகாட் நகரின் சவ்தார் குளம் எல்லார்க்கும் பொது என நகரசபை தீர்மானித்திருந்தது. தீர்மானம் ஏட்டில் இருந்தது, தண்ணீர் எட்டவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் பெருந்திரளோடு சென்று அந்நீரைப் பருகினார். வந்தவர்களுக்கு அடி விழுந்தது. குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். அது தனியார் குளம் என்று தொடுக்கப்பட்ட வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தோற்று முடிய 1937 ஆயிற்று.

1947-இல் அவர் வரைவுக் குழுவின் தலைவரானார். அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு கிணறு, குளம், படித்துறை என்று பெயர் சொல்லிக் கூறுவதைப் படிக்கையில் எனக்கு மகாட் நினைவுக்கு வருகிறது. 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. 32-ஆம் பிரிவு, உரிமை பறிபோனவன் நேரே உச்ச நீதிமன்றம் செல்ல வழி செய்கிறது. இதையே சட்டத்தின் உயிராக அவர் கருதினார். ஏட்டுரிமையின் பயன் எவ்வளவு என்று கண்டவரல்லவா!

ஒரு குறையும் உண்டு. சுதந்திரத்தைப் பறிக்கும் சட்டம் நியாயமானதா என்று நீதிபதிகள் ஆராயும் அமெரிக்க முறை கைவிடப்பட்டது. 1948 டிசம்பர் 13 அன்று அவர் இரு பக்க வாதங்களையும் கூறி, முடிவைச் சபைக்கே விட்டார். மறு ஆண்டு, கைதானவனை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்ற பிரிவைக் கொணர்ந்து ஓரளவு ஈடு செய்தார். அப்பிரிவே விசாரணையற்ற காவலுக்கும் இடம் தந்தது. சென்னை அரசு சிறைவைத்த ஏ. கே. கோபாலனுக்கு 1950-இல் விடுதலை கிட்டவில்லை. சட்டத்தின் முறை நியாயமாகவும் இருக்க வேண்டுமென்ற தீர்ப்பு, மேனகா காந்தி வழக்கில், 1978-இல்தான் வந்தது.

நம் ஐதராபாத்தின் உஸ்மானியா பல்கலைக்கழகம் 1953-இல் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கிப் பெருமை பெற்றது. 1956 டிசம்பர் 6-இல் அவர் மறைந்தார். தோழர்களே, குளத்தைத் திறக்கச் சட்டம் போதும். நீரை அள்ளக் கை வேண்டும். அந்தக் கை நம்முடையதாகட்டும்.